ஷாஃப்ட் நேரா, கோணலா: ஸ்கேலை நம்பலாமா, பில்லர் கேஜையா, டயலையா?

தேங்காப்பட்டணத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிற எனக்கு, எஞ்சினையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிற ஷாஃப்ட் அலைன்மென்ட் புதிதில்லை. ஆனால் எல்லை தாண்டி பூவாறு காயலில் ஒருவர் வைத்திருந்த, தண்ணீரில் சறுக்குபவர்களைக் கயிற்றில் இழுக்கிற ஸ்கி போட்டைப் பார்க்கக் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஆசானுக்குப் போன் போட்டேன். "மக்கா, நம்ம போட்டுல அஞ்சு தௌ இருந்தாலும் ஓடிரும். அதுல மூணுக்கு மேல விடாத" என்றார். ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

காரணம் வேகம். நம் விசைப்படகில் கியர் பாக்ஸ் சுற்றைக் குறைத்துத்தான் ஷாஃப்டுக்குக் கொடுக்கும். நடுவில் எஞ்சின் வைத்த பழைய ஸ்கி போட்டுகள் பலவற்றில் அந்தக் குறைப்பே கிடையாது, ஒன்றுக்கு ஒன்று. மிதவைகளைச் சுற்றி வளைந்து சறுக்குகிற ஸ்லாலம் ஸ்கியில் ஆண்களை அதிகபட்சமாக மணிக்கு 58 கிலோமீட்டரில் இழுப்பார்கள். அப்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடும், ஷாஃப்டும் அதே சுற்று சுற்றும். கியர் பாக்ஸும் ஷாஃப்டும் முகத்தோடு முகம் வைத்து போல்ட்டில் சேருகிற வட்டத் தட்டுகள்தான் கப்ளிங். அதன் விட்டத்தில் இன்ச்சுக்கு ஒரு தௌ வரை இடைவெளி இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. 4 இன்ச் கப்ளிங்குக்கு அப்படிப் பார்த்தால் 4 தௌ வரும். ஸ்கி போட்டில் 3 தௌக்குள் நிறுத்துவதே வழக்கம். 3 தௌ என்றால் 0.08 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய ஒரு நோட்டுத் தாளின் கனம்.

ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு கப்ளிங்கின் விளிம்பு மேலும் ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கிறதா என்பது மட்டும்தான் இதில் தெரியும், சாய்வு தெரியாது. விளிம்பில் துருவும் பெயிண்டும் ஏறியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். எஞ்சினை இறக்கி முதல் தடவை உட்கார வைக்கும்போது சரி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

என் ஓட்டு பில்லர் கேஜுக்குத்தான், அதாவது கனம் பொறித்த மெல்லிய பிளேடுகளின் கட்டுக்கு. கப்ளிங் போல்ட் நாலையும் கழற்றி, ஷாஃப்டை அரை இன்ச் பின்னால் தள்ளி, இரண்டு முகத்தையும் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், கணக்கே மாறிவிடும். பிறகு கையாலேயே முன்னால் கொண்டுவந்து முகத்தோடு முகம் தொடவிட வேண்டும். அப்போது ஒரு முகத்தின் நடுமேடு மற்றதன் குழிக்குள் தள்ளாமல் தானாக உட்கார வேண்டும். சுத்தியலைத் தேடினால் அங்கேயே தப்பு. உட்கார்ந்த பிறகு 3 தௌ பிளேடை மேலே, கீழே, இடது, வலது என்று நாலு இடத்திலும் நுழைத்துப் பார்க்க வேண்டும். எங்கும் நுழையவில்லை என்றால் வேலை முடிந்தது.

பூவாறில் கீழே 8 தௌ நுழைந்தது, மேலே ஒன்றுகூட இல்லை. கீழே திறந்தால் எஞ்சினின் பின்பக்கம் தொங்குகிறது, அல்லது முன்பக்கம் தூக்கி நிற்கிறது. 4 இன்ச்சுக்கு 8 தௌ என்றால் இன்ச்சுக்கு 2 தௌ. எஞ்சினைத் தாங்குகிற முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் நடுவே 30 இன்ச் இருந்ததால் முன்பக்கத்தை 60 தௌ இறக்க வேண்டும். மவுண்ட் போல்ட்டில் இன்ச்சுக்கு 16 மரை. ஒரு முழுச் சுற்று 62 தௌ சொச்சம். ஆக, இடது வலது இரண்டு நட்டையும் ஒரு சுற்று. கணக்குப் போடாமல் கால் சுற்று, அரைச் சுற்று என்று தடவிக்கொண்டிருந்தால் மத்தியானச் சோறு தவறிப்போகும். இறக்கியதும் நடுமேடு இன்னும் தானாக உட்காருகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் இதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, பலர் விட்டுவிடுவது. போல்ட்டைக் கழற்றியதும் ஷாஃப்ட் முனை கப்ளிங் கனத்தில் தொங்கிவிடும். தொங்குகிற முகத்துக்கு எஞ்சினை ஒத்துவைத்தால் கோணலுக்குக் கோணல் சேர்த்த மாதிரி. அதனால் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசைக் கப்ளிங்கில் மாட்டித் தூக்க வேண்டும். படகுக்கு அடியில் ஷாஃப்டைத் தாங்குகிற காலான ஸ்ட்ரட்டுக்கு முன்னால் ஆதாரமில்லாமல் நிற்கும் ஷாஃப்டின் எடையில் பாதி, அதோடு கப்ளிங்கின் முழு எடை. ஒரு இன்ச் இரும்பு ஷாஃப்ட் மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. ஒரு மீட்டர் நீட்டியிருந்து கப்ளிங் 2 கிலோ என்றால், தராசு 4 கிலோ காட்டும்வரை தூக்கி, அடியில் மரத்துண்டு கொடுக்கலாம்.

டயல் கேஜ்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். டயல் முள் அசைவில் அளவு காட்டுகிற நல்ல கருவிதான், அது சொல்வது வேறு விஷயம். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, கப்ளிங் முகம் செங்குத்தாக இருக்கிறதா என்றால் டயலுக்கு ஈடில்லை. அந்தச் சந்தேகத்தையும் பில்லர் கேஜை வைத்தே ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம். கியர் பாக்ஸ் பக்கத்தை அசையாமல் பிடித்து, ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி இருந்த இடத்திலேயே நின்றால் அலைன்மென்ட் கோளாறு. ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்டோ அதன் கப்ளிங்கோ கோணல். அப்போது மவுண்ட் நட்டைத் தொட்டுப் பயனில்லை, கழற்றி லேத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே டயல் வரட்டும்.

லேசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கப்பலுக்குப் பொருத்தம். இங்கே கப்ளிங் பக்கத்தில் கை நுழையவே இடமில்லை, அதை எங்கே கட்டுவது?

கருவிச் சண்டையைவிடப் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது: கரையிலா, தண்ணீரிலா? எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் மேலே ஏறும், அலைன்மென்டையும் அப்போதே முடித்துக்கொள்ளத் தோன்றும். கரையில் பலகை தாங்குகிற இடத்தில் அடிப்பாகம் அழுந்தும், தண்ணீரில் அது வேறு மாதிரி உட்காரும். ஃபைபர் படகுக்கும் இது பொருந்தும். நானே ஒரு தடவை ட்ரெய்லரில் 2 தௌக்குள் கொண்டுவந்து, தண்ணீரில் இறக்கி மறுநாள் அளந்தபோது 7 நின்றது. கரையில் செய்வது ஒத்திகை மட்டும். இறக்கி ஒரு நாள் விட்டு, பெட்ரோல் டேங்க்கில் வழக்கமான அளவு இருக்க, கடைசி அளவு தண்ணீரில்தான்.

இரண்டு முகத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் வட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் போட்டுக்காரரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். வட்டு அதிர்வைக் கொஞ்சம் விழுங்கும், கோணலை நிமிர்த்தாது. அவர் படகில் ஸ்ட்ரட் புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீரை அடைக்கிற கிளாண்டும் எத்தனை தடவை டைட் வைத்தாலும் ஒழுகியது. வட்டைக் கழற்றி, இரும்போடு இரும்பு வைத்துத்தான் அளந்தேன்.

சாயங்காலம் ஆசானைக் கூப்பிட்டேன். "ரெண்டு நுழையுது ஆசானே, மூணு நுழையல."

"லாக் நட்டை முறுக்கின பிறகு பாத்தியா, முன்னாலயா?"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டேன். ஐந்து நுழைந்தது.