பேர் விழாத நாள்: மறதி நோயாளியைப் பார்ப்பவருக்கு எந்த உதவித் திட்டம் மலையகத்தில் சரிவரும்?

எங்கள் அம்மா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது 78 வயது. மறதி நோய் வந்து நாலாவது வருடம். விடிய நாலரைக்கு எழுந்து, இடுப்பில் படங்கை (கொழுந்தெடுப்பவர் கட்டும் சாக்குத் துணியை)ச் சுற்றிக்கொண்டு கூடையைத் தேடுவார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது என்பார். கதவு திறந்திருந்தால் பனியோடு பனியாகக் காண் (வடிகால்) ஓரத்தில் மலைக்கு ஏறத் தொடங்கிவிடுவார். பின்னால் அக்கா ஓடுவார். பிடித்துக் கூட்டி வந்து, உடுப்பு மாற்றி, சாப்பிட வைத்து முடிப்பதற்குள் அக்காவின் பெரட்டு போயிருக்கும். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அது விழாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மாதம் ஒருமுறை போய்க் காசு கொடுத்துவிட்டு வருவேன். கிளினிக்குக்கும் கூட்டிப் போனேன். காலையிலிருந்து வரிசை, இரண்டு நிமிடப் பேச்சு, ஒரு பொட்டலம் குளிசை. குளிசையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டொனெபெசில் போன்ற மருந்து சிலருக்கு ஞாபகத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. ஆளை அமைதிப்படுத்தக் கொடுக்கும் மனநோய் மருந்துகளோ மறதி நோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். எந்த மருந்தாக இருந்தாலும் அது அம்மாவுக்குத்தான். அக்காவுக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லை.

பராமரிக்கிறவருக்கென்றே உலகத்தில் பல திட்டங்களைச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்ததை வாசித்தேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கிற ஒரு பெண் தன் பேரை இழக்காமல் இதைப் பெற முடியுமா என்ற ஒரே கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்டுப் பார்த்தேன்.

முதலில் கையில் கிடைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட். இணையத்தில் தானாகவே படிக்கும் பயிற்சி. 5 பகுதிகள், 23 பாடங்கள். நோய் என்றால் என்ன என்பதில் தொடங்கி, குளிப்பாட்டுவது, சாப்பாடு, கோபம், அலைச்சல், பார்ப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வது வரை இருக்கிறது. இலவசம். 2019இல் அதையே புத்தகமாகவும் வெளியிட்டார்கள். உள்ளடக்கத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் இணையவழியில் சோதித்தபோது சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் இடையில் நின்றுவிட்டார்கள். மனச்சோர்வும் சுமையும் பெரிதாகக் குறையவும் இல்லை. ஏன் என்று எங்கள் லயத்தில் நின்று பார்த்தால் விளங்கும். சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே ஏறினாலும், ஒரு நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் 23 பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படிப்பாரா? ஆகவே இது அக்காவுக்கான திட்டம் இல்லை. என்னைப் போல ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு தம்பிக்கோ மகளுக்கோ நல்ல கைப்புத்தகம்.

அடுத்தது கூடிப் பேசும் குழுக்கள். கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் 2001இலிருந்து இயங்குகிறது. நோயாளிகளுக்கான பகல்நேர நிலையம், பராமரிப்பவர்களுக்கான சந்திப்பு எல்லாம் அங்கே உண்டு. தனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்ற எண்ணம் அந்தக் கூட்டத்தில் உடையும். அதன் மதிப்பு பெரிது. ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஐந்தாறு மணித்தியாலம். போக ஒரு பேர், வர ஒரு பேர். அந்த நேரத்தில் அம்மாவை யார் பார்ப்பது?

இனி நான் அதிகம் யோசித்த மூன்று திட்டங்களுக்கு வருகிறேன்.

லண்டனில் ஜில் லிவிங்ஸ்டனும் குழுவினரும் செய்தது ஸ்டார்ட் என்ற திட்டம். 260 பராமரிப்பாளர்கள். ஒருவருக்கு எட்டு அமர்வுகள். நடத்தியவர்கள் உளவியல் பட்டதாரிகள். மருத்துவமனைப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் இல்லை. முதல் முடிவு 2013இல் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்கள் மருத்துவ ரீதியாகக் கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வில் இருக்கும் வாய்ப்பு, இதைப் பெற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. எட்டே அமர்வுக்கு இவ்வளவு நீண்ட பலன் என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதன் உயிர்நாடி ஒரு எளிய பழக்கம். நோயாளி ஒரு தொல்லையான காரியம் செய்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது என்று குறித்துவைப்பது. பிறகு அந்த 'முன்னால்' பகுதியை மாற்றிப் பார்ப்பது. அக்காவிடம் சொன்னேன். "வாத்தியாரு சொல்றது லேசு தம்பி. ராத்திரி பூரா முழிச்சிக் கெடந்துட்டு நான் நோட்டு எழுதவா?" என்று கேட்டார். அக்கா ஐந்தாம் வகுப்போடு மலைக்குப் போனவர். சரி, எழுத வேண்டாம், அம்மா கூடையைத் தேடுகிற நாளில் சுவர்க் கலண்டரில் ஒரு கோடு மட்டும் போடுங்கள் என்றேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு கலண்டரைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடே இல்லை!

அம்மா படுக்கிற இடம் பக்கத்துக் காம்பராவின் (லயத்து அறையின்) சுவரோடு ஒட்டியது. வேலை நாளில் அங்கே விடியவே அடுப்பு மூட்டுகிற சத்தம், பாத்திரச் சத்தம், பிள்ளைகளை எழுப்புகிற சத்தம். நாற்பது வருடம் அம்மாவை எழுப்பிய அதே சத்தங்கள். நோய் அவருடைய ஞாபகத்தைத் தின்றாலும் அந்தச் சத்தத்துக்கு உடம்பு எழுந்துகொண்டது. படுக்கையை மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். அப்படியும் எழுந்துவிட்டால் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார வைத்து ஒரு கூடையில் கீரையைக் கொடுத்தோம், ஆய்வதற்கு. கூடை கைக்கு வந்ததும் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. எல்லா நாளும் இல்லை. ஆனாலும் போன மாதம் அக்காவுக்கு விழுந்த பேர்கள் அதற்கு முந்தின மாதத்தைவிட அதிகம். இதற்கு முன் கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்தும் பார்த்தோம். அம்மா பயந்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்பதுதான் மிச்சம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் திட்டம் வேறு திசையிலிருந்து வருகிறது. 1987இல் தொடங்கியது. கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் 406 பேர். ஆறு ஆலோசனை அமர்வுகளில் இரண்டு மட்டும்தான் பராமரிப்பவருக்குத் தனியாக. மற்ற நாலிலும் குடும்பத்தில் மற்றவர்களையும் கூட்டிவைத்துப் பேசுவார்கள். பிறகு குழுச் சந்திப்பு, தேவைப்பட்ட நேரத்தில் தொலைபேசி ஆலோசனை. நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாட்கள் தள்ளிப்போனது என்று 2006இல் எழுதினார்கள். அந்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது. தோட்டத்தில் யாரும் தாயை இல்லத்தில் சேர்ப்பதில்லை, சேர்க்க இடமும் இல்லை. நமக்கு அளவுகோல் அக்காவின் தூக்கமும் பேரும்தான். ஆனால் அந்த நாலு குடும்ப அமர்வு இருக்கிறதே, அது மலையகத்துக்கு மிகவும் தேவை. நம் வீடுகளில் சுமை ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனும் டவுனில் இருக்கும் தம்பியும் காசு அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். இதை வாசித்தபோதுதான் அந்தத் தம்பி நான் என்று உறைத்தது.

மூன்றாவது, கோவாவில் செய்தது. 2008இல் வெளியான ஆய்வு. 81 குடும்பங்கள். உள்ளூர் மொழி பேசுகிற, பள்ளிப் படிப்பு முடித்த ஆட்களை எடுத்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்களாக அனுப்பினார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது வீட்டுக்கே வருவார்கள். நோயை விளக்குவது, நடத்தையைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுப்பது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. மேலே ஒரு ஆலோசகரும் மனநல மருத்துவரும் கண்காணிப்பார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தேறியது, நோயாளியின் நடத்தையால் வரும் வேதனை குறைந்தது.

ஆய்வு சிறியது. லண்டன் முடிவு போல நீண்ட காலத்துக்கான சான்று இதற்கு இல்லை. இருந்தும் எனக்கு ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம் என்றால் கோவா முறையைத்தான் எடுப்பேன். மற்றவற்றில் பல பராமரிப்பவரை எங்கேயோ வரச் சொல்கின்றன, அல்லது தனியே படிக்கச் சொல்கின்றன. இது வாசலுக்கு வருகிறது. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க லயம் லயமாக ஏறி இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. அவர்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டக்கூடாது, அது வேறு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர். ஆதார வைத்தியசாலையின் மனநல வைத்திய அதிகாரி கண்காணித்தால் அந்தப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும். கையில் கொடுத்தனுப்ப வேண்டியது ஸ்டார்ட் திட்டத்தின் அந்தக் குறிக்கும் பழக்கமும், நியூயார்க்கின் குடும்பப் பேச்சும். ஒன்று மட்டும் கவனம் வேண்டும். லயத்தில் சுவருக்குக் காது உண்டு. அக்கா மனம்விட்டு அழ வேண்டுமென்றால் பேச்சைக் காம்பராவுக்குள் வைக்காமல் தோட்டத்துப் பாதையில் நடந்துகொண்டே வைப்பது நல்லது.

நோயாளியைக் கொஞ்ச நேரம் வேறொருவர் பார்த்து, பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் திட்டங்களும் உண்டு. ஆய்வுகள் குறைவு, தரமும் குறைவு என்பதால் பலன் நிரூபணமாகவில்லை என்று எழுதுகிறார்கள். பலனே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்பதற்காகத் தோட்டங்கள் பிள்ளைக் காம்பரா கட்டி, ஆயம்மாவை வைத்தன. அதே தாய்மார் வயதாகிப் புத்தி தடுமாறும்போது அவர்களுக்கென்று ஒரு காம்பரா ஏன் இல்லை? இதைத் தொழிற்சங்கங்களிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்க வேண்டும். முதியோர் சங்கக் கூட்டங்களிலும் எழுப்பலாம்.

அதுவரை, பேச ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம். கிளினிக்குக்குப் போனால் நோயாளியைப் பற்றி மட்டும் சொல்லாமல், பார்க்கிறவர் எத்தனை மணித்தியாலம் தூங்குகிறார் என்பதையும் சொல்லுங்கள். அவர்களாக அதைக் கேட்பது அரிது.

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளி, சனி இரவுகள் என்னுடையவை. முதல் வெள்ளிக்கிழமை அம்மா துணி மூட்டை கட்டிக்கொண்டு, தலைமன்னார் கப்பலுக்கு நேரமாகிவிட்டது, அண்ணன் காத்திருக்கிறார் என்றார். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன மாமாவைத்தான் சொல்கிறார். அவர் போய் ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. நான் மறுத்துப் பேசாமல் மாமா எப்படி இருப்பார் என்று கேட்டேன். அம்மா விடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த காம்பராவில் சின்னம்மா வீட்டில் அக்கா ஏழு மணி வரை தூங்கினார்.