கனெக்ட் பையா, வித் ரிகர்சிவா?

ஊழியர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் மேலாளர் எண் இருக்கிறது. ஒருவருக்குக் கீழே உள்ள எல்லோரும் வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தில், எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில் எழுதும் கனெக்ட் பை இதை இரண்டே வரியில் முடித்துவிடும். ஆழத்தைச் சொல்ல லெவல், பாதையைக் காட்ட ஒரு ஃபங்ஷன், வளையம் வந்தால் (மேலாளர் சங்கிலி தொடங்கிய இடத்துக்கே திரும்பினால்) நோசைக்கிள் என எல்லாம் கையோடு வருகின்றன. முந்தைய படியின் (தாய்) வரிசையைக் குறிக்கும் பிரையர் என்ற சொல்லை மட்டும் பக்கம் மாற்றிப் போட்டால், கீழே இறங்க வேண்டிய வினவல் மேலே ஏறிவிடும்.

இதே வேலைக்கு எஸ்கியூஎல்லில் உள்ள இன்னொரு வழியான வித் ரிகர்சிவ் கொஞ்சம் நீளம். தொடக்க வரிசைகள், முடிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் ஆல், பிறகு தன்னையே அழைக்கும் பகுதி. ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், கணக்கிட்ட மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகிறது. ஒரு சைக்கிளுக்கு 2 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 36 கம்பி என்றால், அளவைப் பெருக்கிக்கொண்டே இறங்கி 72 என்று தரும். கனெக்ட் பையில் பிரையர் எட்டுவது தாய் வரிசையின் நெடுவரிசைகளை மட்டுமே. இந்தப் பெருக்கலுக்குச் சுற்றி வளைக்க வேண்டும்.

எஸ்கியூஎல் 1999 தரத்திலேயே வித் ரிகர்சிவ் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 8.4, மைஎஸ்கியூஎல் 8.0 ஆகிய தரவுத்தளப் பதிப்புகள் முதல் கிடைக்கிறது. ஆரக்கிளும் 11ஜி இரண்டாம் வெளியீட்டில், ரிகர்சிவ் என்ற சொல் இல்லாமலே, ஏற்றுக்கொண்டது.

வளையத்தில் மட்டும் கவனம் தேவை. யூனியன் ஆலுக்குப் பதில், ஒரே மாதிரி வரிசைகளை நீக்கும் யூனியன் போட்டால் நின்றுவிடும் என்று நம்பி ஆழ எண்ணையும் சேர்த்தால், ஒவ்வொரு வரிசையும் புதிதாகத் தெரியும்; வினவல் ஓடிக்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரெஸ் 14 முதல் வளையத்தைக் கண்டறிய சைக்கிள் என்றே ஒரு பகுதி உண்டு. மைஎஸ்கியூஎல் இயல்பாக 1000 சுற்றில் பிழை காட்டி நிறுத்தும்.