அட்டெண்டன்ஸ் போனஸா, லீவு போர்டா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின்

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு அட்டைப்பெட்டி யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன், மொத்தம் 64 பேர். ஆள் வராத பிரச்சினைக்கு முதலில் இரண்டு வருஷம் அட்டெண்டன்ஸ் போனஸ் கொடுத்தோம். இப்போது ஒன்றரை வருஷமாகச் சுவரில் ஒரு லீவு போர்டு மாட்டி ஓட்டுகிறோம், லீவு வேண்டியவர்கள் முன்கூட்டியே அதில் பெயர் எழுதுவார்கள். எது மேல் என்று கேட்டால் தயங்காமல் போர்டு என்பேன்.

மெமோ கொடுப்பது, சம்பளம் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வராத நாளுக்கு அந்த நாள் கூலியைத்தான் பிடிக்க முடியும், அது ஏற்கெனவே போய்விட்ட பணம். மூன்று மெமோ வாங்கியவர் நாலாவதுக்குப் பயப்படுவதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

போனஸில் இருக்கும் வசதி, சம்பளப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. மாதம் முழுக்க வந்தால் 1000 ரூபாய் என்று அறிவித்தோம், முதல் மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம்தான் கவனித்தேன். நாலாம் தேதி ஒரு நாள் வராமல் போனவருக்கு அந்த மாதம் 1000 ரூபாய் போயாச்சு, மீதி நாளுக்கு அவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, அதனால் இன்னும் இரண்டு நாள் சேர்த்தே எடுத்துவிடுகிறார். இன்னொரு பக்கம், காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு, ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆக ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலியும் போகும், போனஸும் போகும். ஒரு மழைக்காலத்தில் அப்படி வந்த ஒரு தம்பியிடமிருந்து பேஸ்டிங் (பசை ஒட்டும்) மேஜை முழுக்கக் காய்ச்சல் பரவி, அந்த வாரம் ஆறு பேர் இல்லை.

அப்போதுதான் ரெஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன். பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று உண்டு: எத்தனை தடவை வரவில்லை என்பதை அதே எண்ணால் பெருக்கி, அதை வராத மொத்த நாட்களால் பெருக்குவது. ஆபரேஷன் செய்துகொண்டு ஒரே தடவையில் பத்து நாள் படுத்தவருக்கு 10 வரும், பத்து தடவை ஒவ்வொரு நாளாக எடுத்தவருக்கு 1000 வரும். இதை வைத்து ஆளைத் தண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் தொந்தரவு எங்கே என்று காட்டிவிடுகிறது. எங்கள் யூனிட்டில் நீண்ட லீவு பிரச்சினையே இல்லை. திடீர் ஒற்றை நாள்தான் எல்லாம். பிரிண்டிங் மெஷின் ஆபரேட்டர் ஒருவர் காலை எட்டு மணிக்கு வரவில்லை என்றால் பின்னால் ஸ்டிச்சிங்கில் நிற்கும் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதிக எண் வந்தவர்களில் ஒரு அக்காவைக் கூப்பிட்டுப் பேசினேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மாதம் ஒரு தடவை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அடுத்த தேதியை நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றார்.

"அப்போ முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா வேணாம்பீங்க சார். காலைல போன் பண்ணி உடம்பு முடியலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

உண்மைதான். முன்கூட்டிக் கேட்டவரிடம் "ஆர்டர் இருக்கு, பார்க்கலாம்" என்று இழுத்தவன் நான், காலையில் போன் செய்தவரிடம் "சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றவனும் நான். ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்த லீவை, அன்று காலையில் வந்த லீவாக மாற்றியது எங்கள் பழக்கம்தான்.

என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவில் முடிவு சொல்வது இந்த ஒரு விஷயம்தான்: வராதது முந்தின நாளே தெரிகிறதா இல்லையா. வருஷத்தில் ஒருவர் பத்து நாள் வராமல் இருப்பதை என்னால் தாங்க முடியும், அந்தப் பத்தும் முன்னாலேயே தெரிந்தால். தெரிந்துவிட்டால் முந்தின நாள் மாலையே ஸ்லாட்டிங்கிலிருந்து (அட்டையில் வெட்டுப் போடும் இடம்) ஒருவரைப் பிரிண்டிங்குக்கு மாற்றிக்கொள்வேன், லைன் நிற்காது. போனஸ் இந்த இடத்தைத் தொடவே இல்லை. சொல்லிவிட்டு எடுத்தாலும் 1000 போகும், சொல்லாமல் எடுத்தாலும் 1000 போகும் என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்?

போர்டில் இரண்டே விதி. ஒரு லைனில் ஒரு நாளைக்கு இரண்டு பேர் வரை பெயர் எழுதலாம், மூன்று நாள் முன்னால் எழுதினால் காரணம் கேட்க மாட்டோம். மூன்றாவது ஆளுக்கும் அதே தேதி வேண்டுமென்றால் அவர்களுக்குள் பேசி மாற்றிக்கொள்கிறார்கள். கடினமானது இரண்டாவது விதி. முதல் இரண்டு மாதம் சூப்பர்வைசர்கள் வழக்கம்போல் "எதுக்கு லீவு?" என்று கேட்க, பெயர்கள் அழிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அவர்களை நிறுத்தியபின்தான் போர்டு நிரம்பத் தொடங்கியது.

சொல்லாமல் வராதவர் திரும்பி வந்ததும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவோம், அவ்வளவுதான். போனஸை நிறுத்தியபோது அந்த 1000-ஐ எல்லோருக்கும் சம்பளத்தோடு சேர்த்துவிட்டோம். பிடுங்கியிருந்தால் யாரும் போர்டை நம்பியிருக்க மாட்டார்கள். ஆகவே இது செலவில்லாத வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை ஆப்சென்ட் இரண்டுக்குமே அடங்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் குடிக்கிறவர் போர்டில் எழுதிவிட்டுக் குடிப்பதில்லை. அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள், வீட்டில் பேசி ஒருவர் மட்டும் மாறியிருக்கிறார், அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்களுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது, அதனால் மூன்று ஷிஃப்ட் ஓடும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை மாதிரி இடத்துக்கு இதை அப்படியே சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

தொடங்குவதென்றால் ஆடிக்கு முன்னால் தொடங்குங்கள். இங்கே பக்கத்து வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளி, நாள்காட்டியைப் பார்த்தாலே தேதி தெரியும், ஆனாலும் நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அன்று காலை ஆள் எண்ணிக்கொண்டு நின்றோம். போர்டு வைத்த முதல் ஆடியில் அந்தத் தேதிக்கு இரண்டு பெயர் இடத்தில் பத்தொன்பது பெயர் நெருக்கி எழுதியிருந்தார்கள். அன்றைக்கு யூனிட்டையே மூடிவிட்டு, எல்லோரிடமும் முன்னதாகச் சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். ஞாயிறு ஒருவர்கூட வராமல் இல்லை.