செக்கா, வெரிஃபையா, கன்ஃபர்மா?

எபேன் சைபர் சிட்டியில் கால் சென்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிட்டன் வாடிக்கையாளர் ஒருவருக்கு, 'பாஸ்போர்ட் நகலை டிமாண்ட் செய்கிறேன்' என்று மின்னஞ்சல் எழுதிவிட்டேன். நம் மொரீஷியஸ் வாயில் ஊறிப்போன பிரெஞ்சுச் சொல் 'தெமாந்தே' என்றால் வெறுமே கேட்பது. ஆங்கில 'டிமாண்ட்' சட்டையைப் பிடித்துக் கேட்பது. நகல் வரவில்லை, புகார் வந்தது. 'ஆஸ்க்' போதும், எழுத்தில் 'ரிக்வெஸ்ட்'.

உண்மையான குழப்பம் செக், வெரிஃபை, கன்ஃபர்ம் மூன்றிலும்தான். செக் என்றால் பார்க்கிறேன், அவ்வளவே. என்ன கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. வெரிஃபை, ஆதாரத்தோடு ஒத்துப் பார்ப்பது. கன்ஃபர்ம், இப்படித்தான் என்று அடித்துச் சொல்வது. பார்சல் எங்கே என்று கேட்பவரிடம் திரையைத் திறக்கும் முன்பே 'ஐ கேன் கன்ஃபர்ம்' என்று ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம். முதலில் செக், விடை கைக்கு வந்தபின் கன்ஃபர்ம்.

ஆளை அடையாளம் காணும்போது கணக்கு மாறுகிறது. 'ஐ நீட் டு வெரிஃபை யூ' என்றால், நீ திருடனா என்று விசாரிப்பது போல என் காதில் விழுகிறது. 'குட் யூ கன்ஃபர்ம் யுவர் அட்ரஸ்?' மென்மையானது, என் ஓட்டு அதற்கே. ஆனால் அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. கன்ஃபர்ம் என்றதும் நாமே முகவரியைப் படித்துக் காட்டி, 'சரிதானே?' என்று கேட்கக் கை துறுதுறுக்கும். மறுமுனையில் இருப்பது வேறு ஆளாக இருந்தால்? இங்கே 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முகவரி அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஃபிக்ஸ், சால்வ், ரிசால்வ் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ரவுட்டரை ஃபிக்ஸ், சிக்கலை சால்வ், புகாரை ரிசால்வ்.

அஷூர், என்ஷூர், இன்ஷூர் மூன்றும்தான் நம்மவர்களை இரண்டு பக்கமும் இழுப்பவை. பிரெஞ்சு 'அஸ்யூரே' மூன்றையும் விழுங்கிவிடும். தமிழில் இன்ஷூருக்குக் காப்பீடு என்று தனிச்சொல் நிற்கிறது. ஆனால் 'உறுதி' முதல் இரண்டையும், கூடவே கன்ஃபர்மையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். நான் பிடித்துக்கொண்ட வழி இது: அஷூர் செய்வது மனிதரை, என்ஷூர் செய்வது காரியத்தை. 'ஐ அஷூர் யூ' என்றால் அவர் மனம் ஆறுகிறது, வேலை நடந்ததாக அர்த்தமில்லை. கோபத்தில் இருப்பவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எரிச்சல்தான் ஏறும். 'ஐ வில் என்ஷூர்' என்றால் பொறுப்பு நம் தலையில். பார்சலை அனுப்பும் அதிகாரம் கிடங்கில் இருக்க, அதை நாம் சொல்லலாமா? நான் சொல்வதில்லை, 'ஐ வில் செக் வித் த வேர்ஹவுஸ்' என்பேன்.

அமெரிக்கர்கள் சிலர் என்ஷூருக்குப் பதில் இன்ஷூர் என்றே எழுதுவார்கள். பிரிட்டன்காரரிடம் 'ஐ வில் இன்ஷூர் யுவர் பார்சல்' என்றால் காப்பீடு எடுத்துத் தருவதாகவே எடுத்துக்கொள்வார். உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால் அந்த மின்னஞ்சலோடு வந்து பணம் கேட்பார்.