நாடியா, நாக்கா? உடல்நீரைக் கணிக்கச் சீன வைத்தியத்தில் எது கைகொடுக்கும்

சீன வைத்தியரிடம் போனால் இரண்டு காரியம் நிச்சயம் நடக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டில் நாடிக்குத்தான் மவுசு. ஒரு வார்த்தை கேட்காமல், கண்ணை மூடி விரல் வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்ற கதைகளெல்லாம் நாடியைச் சுற்றித்தான் உலவுகின்றன. நாக்குக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் உடம்பில் நீர் தேங்கியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா, சளியாக இறுகியிருக்கிறதா என்ற கேள்விக்கு என் ஓட்டு பெரும்பாலும் நாக்குக்குத்தான். 'பெரும்பாலும்' என்று போட்டதற்குக் காரணம், ஓரிடத்தில் நாடி நாக்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

அவர்கள் நீர் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரத்தம் தவிர்த்த உடல்நீருக்கு 'ஜின்-யே' என்று பெயர். ஜின் மெல்லியது, தோலையும் தசையையும் நனைத்து வியர்வையாக வெளியேறும். யே கெட்டியானது, மூட்டுக்கும் மூளைக்கும் பசை தருவது. குடித்த தண்ணீர் வயிற்றில் சேர, அதன் சாரத்தை மண்ணீரல் மேலே ஏற்றுகிறது, நுரையீரல் அதைப் பரப்பிக் கீழே சிறுநீர்ப்பைக்கு இறக்குகிறது என்பது 2,000 ஆண்டுப் பழமையுள்ள 'ஹுவாங்டி நெய்ஜிங்' நூலின் கணக்கு. (இந்த மண்ணீரல் உடற்கூறு பாடத்தில் வரும் மண்ணீரல் அல்ல. செரிமானத்தையும் நீரையும் கவனிக்கும் ஒரு பொறுப்பின் பெயர்.) இந்த ஓட்டம் தடைபட்டால் முதலில் ஈரம், அப்புறம் தேங்கிய நீர், அதுவும் இறுகினால் சளி. சளி என்றால் இருமினால் வருவது மட்டுமில்லை. தலைசுற்றல், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது வறட்சி.

நாடி பார்க்கும் முறை இப்படி: மணிக்கட்டின் எலும்பு மேட்டுக்கு நேரே நடுவிரல், அந்த இடம் குவான். உள்ளங்கைப் பக்கம் ஆள்காட்டி விரல் படும் இடம் ட்சுன், முழங்கைப் பக்கம் மோதிர விரல் படும் இடம் ச்சி. இடக்கையில் வரிசையாக இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். ஒவ்வோர் இடத்தையும் லேசாக, நடுத்தரமாக, அழுத்தி என மூன்று விதமாகத் தொடுவார்கள். 3ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே 24 வகை நாடிகளை வகுத்தார். 1564இல் லி ஷிஜென் 27 என்றார். இன்றைய பாடப்புத்தகங்களில் 28.

அதில் நீர் சம்பந்தப்பட்டவை ஐந்தாறு. தட்டில் முத்து உருள்வது போல விரலடியில் நழுவினால் வழுக்கு நாடி, சளி. வில்லின் நாண் போல விறைத்து நின்றால் தேங்கிய நீர். தண்ணீரில் மிதக்கும் பஞ்சு போல, அழுத்தினால் காணாமல் போனால் ஈரம். நூல் போல மெலிந்தால் வறட்சி. மூங்கிலைக் கத்தியால் சுரண்டுவது போலச் சொரசொரத்தால் இரத்தமும் சத்தும் குறைவு. எனக்குப் பிடித்தது வெங்காயத்தாள் நாடி. மேலே பெரிதாகத் தெரியும், அழுத்தினால் நடுவில் ஒன்றும் இருக்காது. நிறைய இரத்தமோ நீரோ போன உடம்பில் வருவது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வழுக்கு நாடி சளிக்கு மட்டும் சொந்தமில்லை. சாப்பிட்டது செரிக்காவிட்டாலும் வரும், உள்ளே சூடு இருந்தாலும் வரும், கர்ப்பிணிக்கும் வரும், ஒரு குறையும் இல்லாத வாலிபனுக்கும் வரும். நாண் நாடி வலியிலும் வரும், கல்லீரல் கோளாறிலும் வரும். நூல் நாடி இன்னும் மோசம். நீர் வற்றினாலும் மெலியும், ஈரம் வந்து அமுக்கினாலும் மெலியும். நேர் எதிரான இரண்டு நிலைக்கு ஒரே நாடி!

வாங் ஷுஹேயே, மனசுக்குத் தெளிவாக இருக்கிறது, விரலடியில்தான் பிடிபட மாட்டேன் என்கிறது என்ற பொருளில் முன்னுரையில் அலுத்துக்கொண்டார். ஒரே கையை இரண்டு வைத்தியர் தொட்டு இரண்டு விதமாகச் சொல்வது இன்றைக்கும் நடக்கிறது. விடியற்காலையில், சாப்பிடுவதற்கு முன்பு நாடி பாருங்கள் என்கிறது நெய்ஜிங். மாடிப்படி ஏறி, டீ குடித்துவிட்டு மதியம் வந்து உட்காருபவரின் நாடியை என்ன சொல்ல? இன்னொன்றும் உண்டு. நாடி பார்ப்பதை மணிக்கட்டு ஒன்றிலேயே நிலைநிறுத்திய 'நான் ஜிங்' நூல், பார்த்தே அறிகிறவனை முதலில் வைத்து, காதால் கேட்டறிகிறவன், விசாரித்தறிகிறவன் என்று வரிசையாக இறங்கி, நாடி தொட்டு அறிகிறவனைக் கடைசியில்தான் வைக்கிறது.

நாக்கு இந்த மேடைக்குத் தாமதமாக வந்தது. 1341இல் 36 நாக்குப் படங்களுடன் ஒரு நூல் வந்தது. பிறகு சீனாவின் சிங் அரச வம்சக் காலத்தில் யே தியன்ஷி போன்ற காய்ச்சல் வைத்தியர்கள் அதை முக்கியக் கருவியாக்கினார்கள். காய்ச்சல் உடம்பின் நீரைக் காய்ச்சிக்கொண்டே போகும். எவ்வளவு வற்றியது என்பதை நாளுக்கு நாள் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நாக்கைவிடத் தோதான இடம் ஏது? ஈரத்தை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். நாக்கு ஊதி ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தால் மண்ணீரல் தளர்ந்து ஈரம் தங்கியிருக்கிறது. பிசுபிசுவென்று தடித்த படிவு என்றால் சளி. காய்ந்து வெடித்திருந்தால் நீர் போய்விட்டது. படிவே இல்லாமல் கண்ணாடி போல மின்னினால் அடியோடு வற்றிவிட்டது. இன்று போட்டோ எடுத்து வைத்து அடுத்த வாரம் ஒப்பிடலாம். நாடியில் அது முடியாது.

நாக்குக்கும் கோளாறு உண்டு. காபி, வெற்றிலை, அறையின் விளக்கு எல்லாம் நிறத்தை மாற்றிவிடும். நம் ஆட்கள் காலையில் நாக்கு வழித்துவிட்டுப் போனால் பாதி சாட்சியத்தை வாய் கொப்பளித்த தண்ணீரோடு துப்பிவிட்டுப் போனதாக அர்த்தம்.

கணிப்பு தப்பினால் மருந்தும் தப்பும். சளிக்கு அர்ச்சென் கஷாயம். அதில் பான்ஷியா கிழங்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேரும், நோக்கம் உலர்த்துவது. வறட்சிக்கு வூ ஜுதோங் 1798இல் எழுதிய நூலில் உள்ள செங்-யே கஷாயம். பெயருக்கே 'நீரைப் பெருக்குவது' என்று பொருள். மெலிந்த நூல் நாடியை மட்டும் நம்பி, காய்ந்து கிடப்பவருக்கு முதலாவதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாக்கை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

சித்த வைத்தியம் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்வகைத் தேர்விலும் நாடி, நா இரண்டும் இருப்பதால் இதை அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மூன்று விரலுக்கு வாதம், பித்தம், ஐயம் (கபம்), இங்கே உறுப்புகள். சீனச் சளி நம் ஐயமும் அல்ல.

சரி, நாடி ஜெயிக்கும் இடம் எது? வீக்கம். ஜாங் ஜோங்ஜிங் எழுதிய 'ஜின்குய்' நூல் நீர் வீக்கத்தைப் பிரிப்பதே நாடியை வைத்துத்தான். காற்றோடு வந்த நீர், தோல் நீர் என்ற இரண்டு வகை வீக்கத்திலும் நாடி மேலாக மிதக்கும். உள்ளே ஊறிய நீரில் ஆழ்ந்து, மெதுவாக ஓடும். இடுப்புக்கு மேல் வீங்கினால் வியர்க்க வை, கீழே வீங்கினால் சிறுநீரைப் போக்கு என்பதும் அதே நூல்தான். நீர் மேலாக நிற்கிறதா, ஆழத்தில் இருக்கிறதா என்று விரல் அழுத்தித்தான் அறிய முடியும். நாக்கு இரண்டு வீக்கத்திலும் வெளுத்து ஈரமாகவே இருக்கலாம்.

அந்த உள் நீருக்கு ஜின்குய் சொல்லும் இன்னோர் அடையாளம் மூச்சுவாங்கல். இன்றைக்குச் சீனாவின் பாரம்பரிய வைத்திய மருத்துவமனையிலேயே கால் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தால், நாடி பார்ப்பதோடு விடுவதில்லை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சோதனை எழுதிக் கொடுக்கிறார்கள்.