இலங்கையோட சிங்கராஜா மழைக்காட்டுல பறவை கணக்கெடுக்க: நாமளே நின்னு எண்ணுறதா, சத்தம் பதியுற ரெக்கார்டர மரத்துல கட்டுறதா?

பாயிண்ட் கவுண்ட்னா ஒரே இடத்துல அஞ்சு பத்து நிமிஷம் அசையாம நின்னு பாக்குறது கேக்குறது எல்லாத்தையும் எழுதணும். மழைக்காட்டுல பாதிக்கு மேல காதுதான், இலை அவ்ளோ அடர்த்தி. சிங்கராஜாவுல ஆரஞ்சு அலகு சிலம்பன் கூட்டம் கீச்கீச்னு வரும், கூடவே கொண்டைக் கரிச்சான், மேல கிளையில செம்முகப் பூங்குயில்னு ஒரே நேரத்துல பல இனம் வந்து அஞ்சு நிமிஷத்துல போயிடும், அத ரெக்கார்டர்ல கேட்டா வெறும் இரைச்சல்தான், எத்தனை பறவைன்னு சொல்லவே முடியாது. பூங்குயில் பெருசா கத்தவும் கத்தாது, கண்ணுலதான் மாட்டும். இங்க ஆள்தான் வேணும்.

ஆனா ராத்திரிக்கு ரெக்கார்டர்தான் சரி. செரண்டிப் ஆந்தைய நெனச்சுப் பாருங்க, 1995ல இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட தெரியாத ஒரு குரலா கேட்டாரு, கண்ணால பாத்தது 2001லதான்! ரெக்கார்டர் சலிக்காம வாரக்கணக்குல கேட்டுட்டே இருக்கும். ஈரம் உள்ள போகாம பாத்துக்கணும், சிலிக்கா ஜெல் பாக்கெட் கண்டிப்பா போடுங்க.

காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா நான் குரல் தெரிஞ்ச உள்ளூர் ஆளுக்குத்தான் செலவு பண்ணுவேன், அட்டைக்கடியோட சேத்துதான்.