'சரி என்று மட்டும் சொல்லுங்கள், சார்'

பணி ஓய்வுப் பணத்தில் கொஞ்சத்தைப் பங்குகளில் போட நினைக்கும் நண்பர், எங்கள் குடும்பக் கணக்கு இருக்கும் தரகு நிறுவனத்திலேயே தானும் சேரலாமா என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பா காலமான பிறகு அவர் பெயரில் காகிதமாகக் கிடந்த பங்குகளை அம்மாவின் பெயருக்கு மாற்றி, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் சேர்த்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். வாரிசுச் சான்றிதழ், கையொப்பச் சரிபார்ப்பு என்று ஆளை அலைக்கழிக்கும் வேலை அது. கிளையில் வாடிக்கையாளர்களுக்காக ஆர்டர் போடும் டீலர் வீட்டுக்கே வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படிவத்தையும் விளக்கி நிரப்பினார். பங்கு விற்ற பணம் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

என் கணக்கில் அதே டீலர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கணக்கின் வரவு செலவுப் பதிவான லெட்ஜரை எடுத்து வைத்துப் பார்த்தால் மாதத்தின் முதல் பாதி வெறிச்சோடிக் கிடக்கும். கடைசி வாரத்தில் வாங்கல், விற்றல் என்று வரிசை கட்டி நிற்கும். கிளைக்கு மாதாந்திரத் தரகு இலக்கு இருக்கிறது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த இலக்குக்குத் தீனி என் கணக்கு.

ஒரு நாள் மாலை 3.52க்கு அழைத்தார். "சார், காலையில் ஐடிசி பங்கை விற்று வேறொன்று எடுத்திருக்கிறேன். இது பதிவாகும் லைன். 'சரி' என்று மட்டும் சொல்லுங்கள்." சந்தை முடிவதே 3.30க்கு. வர்த்தகத்துக்குத் தரகர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் போட்ட நேரமும் வர்த்தகம் நடந்த நேரமும் அச்சாகியிருக்கும். அன்றைய நோட்டில் இருந்தது காலை 10.14. என் செல்பேசியில் காலையில் அவரிடமிருந்து எந்த அழைப்பும் இல்லை. சொல்ல மாட்டேன் என்றேன். பங்கு விற்றது விற்றதாகவே போயிற்று.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2018 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்காகவே வந்தது. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட தாள், தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்ற ஏதாவது ஒரு சான்று கையில் இருந்தால்தான் தரகர் வர்த்தகம் செய்யலாம். தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டியது தரகரின் பொறுப்பு. மாலையில் வாங்கும் 'சரி' காலையில் கொடுத்த ஆர்டர் ஆகாது.

இதில் போகும் பணம் சில்லறை இல்லை. டெலிவரிக்கு, அதாவது பங்கைக் கணக்கில் வாங்கி வைக்கும் வர்த்தகத்துக்கு, அரை சதவீதத் தரகு என்றால், ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கும்போது தரகு 500, அதற்கு ஜிஎஸ்டி 90, பங்குப் பரிவர்த்தனை வரி 100. விற்கும்போதும் அதே அளவு. முத்திரைத் தீர்வை போன்றவற்றையும் சேர்த்தால் வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்குச் சுமார் 1,400 ரூபாய். மாதம் ஒரு சுற்று சுற்றினால் ஆண்டுக்குப் 16,800 ரூபாய். லட்சத்துக்கு அவ்வளவு லாபம் பார்த்தால்தான் முதலே மிஞ்சும். அமெரிக்காவில் ஒரு கணக்கின் முதலீடு ஆண்டுக்கு ஆறு முறை புரண்டாலோ, செலவு முதலீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டினாலோ அதை அளவு மீறிய வர்த்தகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒரு சுற்று என்பது அதில் இரண்டு மடங்கு.

நிறுவனத்துக்கு எழுதினேன். குறுஞ்செய்தியும் கான்ட்ராக்ட் நோட்டும் வந்தபோது ஆட்சேபிக்கவில்லையே என்று பதில் வந்தது. படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. திருடியவனைக் கேட்டால், நீ ஏன் சத்தம் போடவில்லை என்று திருப்பிக் கேட்பதா? செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகார் பதிந்தேன். ஒலிப்பதிவைக் கொடுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை. நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய 21 நாள் கெடு முடிவதற்குள், பதிவு காட்ட முடியாத வர்த்தகங்களின் தரகு என் கணக்குக்குத் திரும்பி வந்தது. விற்ற பங்குகள் வரவில்லை. டீலரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். இலக்கு வைத்தவர்கள் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் இருப்பதைவிட இவர்கள்மேல்தான் கோபம் அதிகம்.

அம்மாவின் கணக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் எதையும் விற்பதில்லை, வாங்குவதில்லை. அப்படி இருப்பவருக்கு அது அருமையான நிறுவனம். என் கணக்கை மூடிவிட்டேன். நண்பருக்கு என் பதில்: வேண்டாம். சேர்ந்தே தீருவேன் என்றால், ஆர்டர் மின்னஞ்சலில் மட்டுமே தருவேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன், வர்த்தகச் செய்திகள் வந்து சேர்வதற்காகப் படிவத்தில் இருக்கும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.